பனங்கிழங்கு குடுக்கப் போய் வைரம் குடுத்த கதை

கொக்குவில் பெடியன்:
அக்காவின்ர மகன் பள்ளிக்கூட லீவுக்கு வந்து நிண்டவன். "மாமா, சொம்பியைக் கொண்டா அழுகின இறைச்சிதானே விழுது, எங்கட சாமான் ஏதும் விழுத்தேலாதோ?" எண்டு கேட்டான். மைன்கிராஃப்ட் எண்ட கேமில அது பெரிய வேலை இல்லை. எது செத்தா என்ன விழும், எந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கும் எண்டதெல்லாம் லூட் டேபிள் எண்ட ஜேசன் (JSON) எழுத்துக் கோப்புகளிலதான் கிடக்கு. சுட்ட உருளைக்கிழங்கை எடுத்து, செட் நேம் ஃபங்ஷனால "பனங்கிழங்கு" எண்டு பேர் வச்சு ஒரு பூலுக்குள்ள (pool, குலுக்கி எடுக்கிற சாமான் பட்டியல்) போட்டன். வடிவா விழுந்துது. பெடியன் துள்ளிக் குதிச்சான்.

எனக்கு ஆசை விடேல்லை. இன்னொரு பூல் எழுதி, வைரத்தை மட்டும் போட்டு, வெயிட் 5 எண்டு குடுத்தன். நூறு சொம்பிக்கு அஞ்சு வைரம் எண்டது என்ர கணக்கு. முதல் சொம்பி, வைரம். ரெண்டாவதும் வைரம். முழுக் கவசத்துக்கு 24 வைரம் வேணும். அவன் ஒரு இரவிலயே தலையில இருந்து கால்வரை போட்டுக்கொண்டு நிண்டான். வெயிட் எண்டது வீதம் இல்லை, அதே பூலுக்குள்ள நிக்கிற மற்றதுகளோட பங்கு பிரிக்கிற எண். தனிய நிண்டா 5ம் ஒண்டுதான், 500ம் ஒண்டுதான். பக்கத்தில எம்ப்டி எண்டு வெறும் என்ட்ரி ஒண்டை வெயிட் 95ஓட போட்டாப் பிறகுதான் சரிவந்தது. மருமகன் மூண்டு நாளா முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

சுன்னாகம் அண்ணை:
உமக்கெண்டாலும் ஏதோ விழுந்திருக்கு தம்பி. எனக்கு ஒண்டுமே மாறேல்லை. கமா சரி, அடைப்புச் சரி, ரீலோட் குடுத்தா ஒரு பிழையும் சொல்லேல்லை. சொம்பி அதே அழுகல் இறைச்சி. இடையில கரண்டும் போட்டுது. கடைசியில பார்த்தா, கேமின்ர 1.21 பதிப்பில இருந்து லூட் டேபிள் கோப்புகள் வைக்கிற ஃபோல்டர் பேரில கடைசி 'எஸ்' இல்லை. நான் பழைய வீடியோ பார்த்து எஸ்ஸோட வச்சிருக்கிறன். ஒரு எழுத்துக்கு ரெண்டு இரவு.

நல்லூரடி:
பெட்டிக்கு லூட் டேபிள் எழுதுற ஆக்கள் கவனம். முதல் தரம் திறக்கேக்கதான் உள்ளுக்கு என்ன எண்டு தீர்மானமாகும். திறந்த பெட்டியில புதுசு ஏறாது. ஒரே பெட்டியை இருபது தரம் திறந்து பூட்டினதுதான் எனக்கு மிச்சம். சோதிச்சுப் பார்க்க லூட் கிவ் கட்டளை அடிச்சா நேரா கைக்கே வரும்.

கொக்குவில் பெடியன்:
நன்றி அண்ணை, நான் இன்னும் 1.20லதான் நிக்கிறன். இப்ப மருமகன் திரும்பக் கதைக்கிறான். கிரீப்பர் எண்ட வெடிக்கிற பிராணி வெடிக்கேக்க பினாட்டு விழோணுமாம். வெடிச்ச கிரீப்பர் ஒண்டுமே போடாது எண்டு அவனுக்கு ஆர் சொல்லுறது?