புதுப்பிப்பு: கோவளம் வீட்டு ரெட்ரோ அலங்காரம் என்ன ஆச்சு?

தை மாசம் இங்கே கேட்டிருந்தேன்: கோவளத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வார இறுதி வீட்டை 1960கள் பாணியில், பித்தளையும் வெல்வெட்டுமாக மினுக்கலாமா என்று. "உப்புக்காத்து தின்னுடும்" என்றீர்கள். தின்றுவிட்டது.

முதல் பலி தங்க முலாம் சரவிளக்கு. ஆறே வாரத்தில் கொக்கிகளில் பச்சை பூத்தது. வட்டக் கண்ணாடியின் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. பின்பக்க வெள்ளிப் பூச்சில் ஈரம் இறங்கிவிட்டது. மயில்கழுத்து நிற வெல்வெட் சோபா பூஞ்சை வாடையோடு சென்னைக்கே திரும்பியாச்சு. பித்தளைக் குத்துவிளக்கை அம்மா புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமையே மங்கல்.

ஆனால் மொசைக் தரை! பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்று மேஸ்திரி ஒற்றைக்காலில் நின்றார். நல்லவேளை, கேட்கவில்லை. மெஷின் பாலிஷ் போட்டதும் கறுப்பு, செங்கல் நிறச் சில்லுகள் நனைந்த கூழாங்கல் மாதிரி எழுந்து வந்தன. வீட்டின் மொத்த கிளாமரும் இப்போது காலடியில்தான். மேலே பிரம்பு நாற்காலி, ஆரஞ்சுப் பருத்தி உறை, அவ்வளவே.

புதுக் கைப்பிடிகளுக்கு இங்கே ஒருவர் சொன்னபடி வழக்கமான 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பதில், உப்புக்காத்தை இன்னும் நன்றாகத் தாங்க மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் வாங்கினேன். விலை கூடுதல்தான், இதுவரை துரு இல்லை.

சரவிளக்கின் கண்ணாடி மணிகள் மட்டும் பத்திரம். நைலான் நரம்பில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன்.