ஒட்டன்சத்திரம் டு பழனி ஒரே நாளில்: செருப்பா, வெறுங்காலா?

மஞ்சப்பை:
தைப்பூசத்துக்கு இந்த முறை நானும் பழனிக்கு நடக்கிறேன். வருடாவருடம் போய்க்கொண்டிருந்தவர் அம்மா. முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டார். வயது 41, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதனால் திண்டுக்கல்லிலிருந்து மட்டும்தான்: முதல் நாள் ஒட்டன்சத்திரம், மறுநாள் பழனி. அந்த இரண்டாம் நாளை நினைத்தால்தான் பயம். எத்தனை மணிக்குக் கிளம்புவது? அம்மா எப்போதும் வெறுங்கால்தான். நான் செருப்புப் போட்டால் தப்பா?

பொடிநடை:
பதினோரு வருடமாக நடக்கிறேன். உங்கள் கணக்கு சரிதான். திண்டுக்கல்–பழனி சுமார் 60 கி.மீ., ஒட்டன்சத்திரம் கிட்டத்தட்ட பாதி. ஆனால் நேற்று 30 கி.மீ. நடந்த கால் வேறு, புதுக் கால் வேறு.

போன வருடம் நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டரை மணிக்கே ஒருவர் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று மடித்து மண்டபத்தையே எழுப்பிவிட்டார். (எல்லாக் குழுவிலும் இப்படி ஒருவர் உண்டு.) மூன்று மணிக்கு ரோட்டில் இருந்தோம். தை மாதப் பனி, தலையில் துண்டு, முதுகில் ஒளிரும் பட்டை. அந்தப் பட்டை இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள், காய்கறி லாரிகள் அந்நேரத்தில்தான் பறக்கும். முதல் அரை மணி நேரம் பாதம் கட்டைபோல் இருக்கும், ஊன்றவே முடியாது. பயந்து உட்கார்ந்துவிட வேண்டாம். சூடேறினால் தானாக நடக்கும்.

விருப்பாட்சி இருட்டிலேயே கடந்துவிடும். பஞ்சாமிர்த வாழைக்குப் பேர்போன ஊர், பதினோரு வருடத்தில் நான் அங்கே பார்த்தது ஒரு டியூப்லைட்டும் சுக்குக் காபி அண்டாவும்தான். விடிந்தால் வெயில் பிடரியில் விழும், ஏனென்றால் நாம் மேற்கே போகிறோம். இடது கைப்பக்கம் கொடைக்கானல் மலை கூடவே வரும். மத்தியானத்துக்கு மேல் அதே வெயில் முகத்துக்கு வந்துவிடும். தொப்பியை அப்போதுதான் எல்லாரும் தேடுவார்கள்.

எட்டரைக்குச் சத்திரப்பட்டி. ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி... வழிநடைக்காரர்கள் தங்கிப்போன ரோடு என்று ஊர்ப் பேரிலேயே எழுதியிருக்கிறது. அதற்காக நானும் தங்கியிருக்கக் கூடாது. அன்னதானப் பந்தலில் இரண்டு முறை வாங்கிப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் என்று வேப்பமரத்தடியில் சாய்ந்தேன். கண் திறந்தபோது மணி பதினொன்றரை. தார் கொதிக்கிறது. அங்கிருந்து, பழனிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஆயக்குடி வரைக்கும் நடந்ததை நடை என்று சொல்ல மாட்டேன். இதில் மலை வேறு தெரிய ஆரம்பித்துவிடும். தெரிகிற வரைக்கும் ஊர் ஊராகக் கடந்துகொண்டிருப்போம். தெரிந்த பிறகு அது இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் வருடம் தூரத்தில் மலையைப் பார்த்ததும் தொண்டை கிழிய அரோகரா போட்டேன். பக்கத்தில் வந்த ஆத்தா, "அது இடும்பன் மலைய்யா, சாமி அந்தாண்ட" என்றார். சரி, முதல் கும்பிடு இடும்பனுக்குத்தானே.

மூன்று மணிக்குக் கிளம்பி, சத்திரப்பட்டியில் பாதி வயிறோடு எழுந்தால் பதினொரு மணிக்குள் ஆயக்குடி. செருப்பு தப்பே இல்லை, ஆனால் புதுசு ஆகாது. புது வார் அறுத்து எனக்குச் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், மொச்சைக்கொட்டை அளவுக்குக் கொப்புளம். ஊசியில் நூல் கோத்துக் குத்தி, நூலை உள்ளேயே விட்டுவிட்டு நடந்தேன்.

கட்டுக்காரி:
பொடிநடை அண்ணா, எல்லாம் சரி, அந்த நூலை மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் செவிலியர், பூச முகாமில் கால் கட்டியிருக்கிறேன். நூல் வழியாக ரோட்டு அழுக்கு முழுக்க உள்ளே போகும். சின்னக் கொப்புளமென்றால் தொடாமல் மேலே பிளாஸ்திரி. பெரிசாகி நடக்க விடாவிட்டால் முகாமில் காட்டுங்கள். சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுத்துவிடுவோம். தோலை உரிக்கக் கூடாது, அதுதான் மூடி.

மஞ்சப்பை சார், சர்க்கரை இருந்தால் வெறுங்கால் பேச்சே வேண்டாம். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லோடு ஒருவர் வந்தார். எப்போது குத்தியது என்றே அவருக்குத் தெரியவில்லை. அப்புறம், தொடையிடுக்கில் கிளம்பும்போதே எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கொப்புளத்தைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அடிவாரத்தான்:
உள்ளூர்க்காரன் சொல்கிறேன். ஊர் வந்து சேர்ந்த அன்றைக்கே தரிசனம் என்று திட்டம் போடாதீர்கள். பூச நேரத்து வரிசை நீங்கள் நடந்த நடையை மறக்கடித்துவிடும். கிரிவலம் சுற்றிவிட்டுப் படுங்கள், விடிகாலையில் படி ஏறலாம். 2023 அக்டோபரிலிருந்து கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை, கீழேயே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குழுவில் யார் எங்கே சந்திப்பது என்று அதற்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சப்பை:
எல்லாருக்கும் நன்றி. சர்க்கரை இல்லை, போன மாதம்தான் பார்த்தேன். பழைய செருப்பையே துடைத்து வைத்துவிட்டேன். இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானும் செருப்புப் போட்டுத்தான்டா நடந்தேன். ஆயக்குடி வந்ததும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வேன். அப்பாகிட்ட சொல்லிடாதே" என்றார்.