ரூட்டர் மேசை நடுவில் குழிகிறது, காடி ஆழம் மாறுகிறது – என்ன செய்யலாம்?

திருமங்கலம் பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். பேனல் கதவு வேலைதான் எனக்கு அதிகம். சித்திரையில் நானே ஒரு ரூட்டர் மேசை செய்தேன், அதாவது மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் மெஷினைத் தலைகீழாக மாட்டும் மேசை. 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, 800-க்கு 600 அளவு, மேலே மட்டும் வெள்ளை மைக்கா. நடுவில் ஓட்டை போட்டு 6 மி.மீ. அக்ரிலிக் தகடு பதித்து, அதில் அரை இஞ்ச் பிளஞ்ச் ரூட்டரைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஆறு மாதம் அருமையாக ஓடியது.

ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் தொல்லை. சட்டத்தில் 10 மி.மீ. ஆழத்துக்குக் காடி, அதாவது பேனல் உட்காரும் நீளப் பள்ளம், எடுக்கிறேன். பேனலைச் சொருகினால் இரண்டு முனையிலும் உள்ளே போய் உட்காருகிறது, நடுவில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நேற்று ஒரு தேக்குக் கதவைப் பசை தடவி இறுக்கும்போது மூட்டு சேரவே இல்லை. எல்லாவற்றையும் பிரித்து, ஈரத்துணியால் பசையைத் துடைத்து எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. கதவை வாங்குகிறவர் வரும் வாரம் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறார்.

வெட்டும் பிட் நழுவுகிறது என்று நினைத்து, அதன் தண்டைப் பிடிக்கும் காலெட்டைப் புதிதாக மாற்றினேன். அப்படியும் அதே கதைதான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கே.புதூர் கதவு வேலை:

தம்பி, முதலில் அளந்துவிடுங்கள். 900 மி.மீ. சட்டம் ஒன்றில் காடி எடுத்து, ஆரம்பம், நடு, கடைசி என மூன்று இடத்தில் வெர்னியர் அளவுகோலின், ஆழம் பார்க்கும் வால்கம்பியை விட்டுப் பாருங்கள். பிட் நழுவினால் ஆழம் ஒரே திசையில்தான் மாறும். ஆரம்பத்தில் 10 இருந்தால் போகப்போக 10.5, 11 என்று கூடும், திரும்பி வராது. நீங்கள் சொல்கிறபடி இரண்டு முனையும் சரியாக இருந்து நடு மட்டும் குறைந்தால், குற்றம் மேசையில்தான்.

காரணம் இதுதான். சட்டத்தின் முனை பிட்டுக்கு மேல் வரும்போது அந்த முனை குழிக்குள் இறங்கித் தகட்டைத் தொடுகிறது. சட்டம் முழுதாக மேசைமேல் வந்ததும் குழியின் இரண்டு கரையிலும் பாலம் மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. அப்போது மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவு ஆழம் குறையும்.

கொத்தனார் வைத்திருக்கும் அலுமினிய ரூல் தடி ஒன்றை மேசையில் நெட்டாக வைத்து, அடியில் 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளை ஒன்றொன்றாக நுழையுங்கள். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. ரூட்டர் தொங்கும்போது ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை எண்ணுங்கள். தடி நேராக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பென்சிலால் ஒரு கோடு போட்டு, தடியைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் தடி நேர்.

திருமங்கலம் பட்டறை:

அண்ணே, பார்த்துவிட்டேன். காடி ஆரம்பத்தில் 10, நடுவில் 8.5, கடைசியில் 9.9. ரூட்டர் தொங்கும்போது 15 தாள் நுழைகிறது. கழற்றினால் 9 தாள்.

கே.புதூர் கதவு வேலை:

அப்படியானால் இரண்டு நோய் சேர்ந்திருக்கிறது. 9 தாள் பலகையின் நிரந்தர வளைவு. மீதி 6 தாள் ரூட்டர் கனத்தில் பலகையும் அக்ரிலிக்கும் தொய்வது.

வளைவு ஏன் வந்தது? மேலே மைக்கா இருப்பதால் ஈரம் அந்தப் பக்கம் ஏறாது. அடிப்பக்கம் வெறும் எம்டிஎஃப். சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த பலகை ஐப்பசி ஈரத்தைக் கீழ்ப்பக்கமாகக் குடித்து விரிந்தது. கீழ்ப்பக்கம் நீண்டால் மேல்பக்கம் குழியத்தானே செய்யும். அலமாரிக் கதவுக்கு உள்பக்கமும் மைக்கா ஒட்டச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. மைக்கா ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும், அதுவும் ஒரே கனத்தில்.

மேலூர் ஆசாரி:

தம்பி, பழைய பலகையை வெயிலில் வைத்து நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிமிரும், அடுத்த மழையில் மறுபடி போகும். புதிதாகச் செய்துவிடுங்கள்.

18 மி.மீ. பிளைவுட் இரண்டு வாங்கிப் பத்து நாள் உங்கள் பட்டறையிலேயே குறுக்குக் கட்டை வைத்துப் படுக்கப் போடுங்கள். அந்த இடத்து ஈரத்துக்குப் பலகை பழக வேண்டும். அப்புறம் இரண்டையும் ஒட்டி 36 ஆக்குங்கள். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும், ஆனால் பசை முழுப் பரப்பிலும் பிடித்திருக்க வேண்டும். வெறும் ஸ்குரூ போட்டால் இரண்டு தனிப் பலகையாகத்தான் நிற்கும், அந்த விறைப்பு வராது.

ஒவ்வொரு பலகையிலும் கொஞ்சம் புடைப்பு இருக்கும். புடைத்த பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடும்படி வைத்தால், ஓரத்தில் கிளாம்ப் போட்டாலே நடுவும் சேர்ந்து இறுகும். ஒட்டும்போது அடியில் என்ன இருக்கிறதோ அதன் வடிவத்தைத்தான் பலகை எடுக்கும். பட்டறைத் தரையை நம்பாதீர்கள். என் வீட்டு அடுப்படியில் போடாமல் மிச்சமான கிரானைட் பலகை ஒன்று இருக்கிறது. நாற்பது வருடம் கை பழகின எனக்கே அதன்மேல் வைத்து ஒட்டினால்தான் மனம் ஒப்பும். பகல் வெயிலில் பசை தடவுவதற்குள் காய ஆரம்பித்துவிடும், சாயங்காலம் செய்யுங்கள்.

மைக்காவை மேலும் கீழும் ஒரே நாளில் ஒட்டி, நான்கு ஓரத்தையும் மர ரீப்பரால் அடைத்துவிடுங்கள். அடியில் சட்டக்கூடு கட்டும்போது, தகடு உட்காரும் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரு சட்டம் நெருக்கமாகப் போக வேண்டும். கனம் விழுவது அங்கேதான்.

கே.புதூர் கதவு வேலை:

ஆசாரியார் சொன்னதோடு தகட்டைப் பற்றியும் சொல்கிறேன். அரை இஞ்ச் ரூட்டர் ஐந்தாறு கிலோ வரும். அதை 6 மி.மீ. அக்ரிலிக்கில் ராப்பகலாகத் தொங்கவிட்டால் தொய்வு நிச்சயம். 6 மி.மீ. அலுமினியம் போடுங்கள். உங்களுக்குக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம், அங்கே கேட்டுப் பாருங்கள். ரூட்டர் அடித்தகட்டின் ஸ்குரூ ஓட்டைகளைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தால் போதும்.

தகடு உட்கார வெட்டும் படிதான் இந்த வேலையிலேயே நுணுக்கமானது. தகட்டையே மேசையில் வைத்து, நான்கு பக்கமும் நேரான ரீப்பரை முட்டவிட்டு இறுக்குங்கள். தகட்டை எடுத்துவிட்டு, மேலே பேரிங் உள்ள பிட்டை அந்த ரீப்பர்களை ஒட்டி ஓட்டினால் அச்சு அசல் அளவு விழும். 12 மி.மீ. பிட் என்றால் மூலை 6 மி.மீ. ஆரத்தில் வளையும், தகட்டின் மூலையையும் அதே அளவுக்கு அரத்தால் உருட்டிக்கொள்ளுங்கள். முதலில் படி, அப்புறம்தான் ஜிக்சாவால் நடு ஓட்டை. மாற்றிச் செய்தால் ரூட்டர் நிற்க இடம் இருக்காது.

படியை 7 மி.மீ. ஆழம் எடுங்கள். மீதி ஒரு மில்லியைத் தகட்டின் மூலைகளில் மரை போட்டு, தலையில்லாத சிறு ஸ்குரூவால் ஏற்றிக்கொள்ளலாம். நகத்தை மேசையிலிருந்து தகட்டுக்கும், தகட்டிலிருந்து மேசைக்கும் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் நகம் தட்டக் கூடாது.

திருமங்கலம் பட்டறை:

ரொம்ப நன்றி அய்யா, நன்றி அண்ணே. இன்னும் இரண்டு சந்தேகம். மரத்தை முட்டவிட்டுத் தள்ளும் தடுப்புப் பலகை மேசை ஓரத்துக்கு இணையாக இருக்க வேண்டுமா? இணையாக வைக்கவே அரை மணி நேரம் போகிறது. அடுத்து, 6 மி.மீ. தண்டு உள்ள பிட் சிலது இருக்கிறது, என் கால் இஞ்ச் காலெட்டில் போடலாமா?

கே.புதூர் கதவு வேலை:

இணை தேவையில்லை. அது ரம்பத்துக்குத்தான். பிட் வட்டமாகச் சுற்றுகிறது, தடுப்பு எந்தக் கோணத்தில் நின்றாலும் தூரம் ஒன்றுதான். ஒரு முனையை இறுக்கிவிட்டு மறுமுனையைத் தட்டித்தட்டி அளவு வைக்கலாம். தடுப்பு நேராகவும், மேசைக்கு மூலைமட்டமாகவும் இருந்தால் போதும்.

காலெட் விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. தண்டு இறுகினது மாதிரி இருக்கும், 20,000 சுற்றில் பிடி விடும். 12 மி.மீ. தண்டை அரை இஞ்சில், அதாவது 12.7-இல், போடுவதும் அப்படியே. அந்தந்த அளவுக்கு உரிய காலெட் வாங்குங்கள். தண்டை முழுதாக இறக்கி, இரண்டு மூன்று மில்லி மேலே தூக்கி, அப்புறம் இறுக்குங்கள்.

மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள். தடுப்புக்கும் பிட்டுக்கும் நடுவே மரத்தை ஒருநாளும் விடாதீர்கள், பிடுங்கிக்கொண்டு போகும்போது கையும் சேர்ந்து போகும்.

திருநகர் எலெக்ட்ரீஷியன்:

ஒன்று விட்டுப்போகிறது. மேசையில் கட்டின ரூட்டருக்குச் சுவிட்சை அழுத்திப் பூட்டியே வைத்திருப்பீர்கள். கரண்ட் போனால் அதை அணைக்க நினைவு வராது. நீங்கள் பிட் மாற்றக் கை வைத்த நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தால் என்ன ஆகும்? மோட்டாருக்குப் போடுகிற, காண்டாக்டர் உள்ள சிங்கிள் ஃபேஸ் ஸ்டார்ட்டர் ஒன்றை மேசைக் காலில் மாட்டுங்கள். கரண்ட் போனால் விடுபட்டுவிடும், பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். பிட் மாற்றும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

திருமங்கலம் பட்டறை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். அந்தத் தேக்குக் கதவை ஆசாரி ஒருவரிடம் கொடுத்து, காடியின் நடுவை உளியால் ஆழப்படுத்தி, கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மாட்டிவிட்டோம்.

மேசை முடிந்தது. 36 மி.மீ., இரண்டு பக்கமும் மைக்கா, அலுமினியத் தகடு. பலகையை என் மாமனார் வீட்டுக் கிரானைட் மேடையில் வைத்து ஒட்டினோம், அத்தை ஒரு நாள் முழுக்க வெளியே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். தகடு மட்டம் பார்க்கவே ஒரு மதியம் போனது, ஒரு மூலை மட்டும் நகத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. படியில் ஒட்டியிருந்த துளி மரத்தூள்தான் காரணம்.

ரூட்டரைத் தொங்கவிட்டு ரூல் தடி வைத்தால் ஒரு தாள் நுழைகிறது, இரண்டாவது நுழையவில்லை. 900 மி.மீ. சட்டத்தில் காடி 10, 9.9, 10. அலுமினியம் தேக்கில் கறுப்புக் கோடு போடுகிறது, அதற்கு என்ன செய்வது?

மேலூர் ஆசாரி:

எமரித் தாளால் தகட்டை நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் அழுத்தித் துடையுங்கள் தம்பி. எண்ணெய் மட்டும் போடாதீர்கள், மரத்தில் ஏறினால் பாலிஷ் பிடிக்காது.