2011 நிலநடுக்கம்: டிவியைப் பார்த்து ஓடியவர்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கசாய்க்காரன்
பக்கத்துக் குழுமத்தில் ஒருத்தர் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அவர் சொல்வது இதுதான்: 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் டிவி எல்லாவற்றையும் மூடி மறைத்தது, வெளிநாட்டுச் சேனல்களும் நம்மூர்ச் சேனல்களும் உண்மையைப் போட்டு உடைத்ததால்தான் டோக்கியோவில் இருந்த நம்மாட்கள் உயிர் தப்பினார்கள்.

எதிலிருந்து தப்பினார்கள் ஐயா? விபத்து நடந்த ஃபுகுஷிமா தாய்இச்சி அணுமின் நிலையம் டோக்கியோவிலிருந்து 220 கிலோமீட்டருக்கு மேல். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் என் வீட்டில் புத்தக அலமாரி சாய்ந்தது, தட்டு உடைந்தது. செத்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 18,000க்கு மேல். அவர்கள் பெரும்பாலும் இவாதே, மியாகி, ஃபுகுஷிமா கடற்கரையில் ஆழிப்பேரலைக்குப் பலியானவர்கள். அவர்களைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரி கிடையாது.

வெளிநாட்டுச் சேனல் லட்சணத்தையும் சொல்கிறேன். ஃபாக்ஸ் நியூஸ் போட்ட அணு உலை வரைபடத்தில் ‘ஷிபுயா எக்மேன்’ என்று ஓர் உலை. அது டோக்கியோவின் ஷிபுயாவில் பாட்டுக் கச்சேரி நடக்கிற அரங்கம். இங்கே குடியிருந்த வெளிநாட்டவர்களே பொறுக்க மாட்டாமல், எந்தப் பத்திரிகை எதைத் தப்பாக எழுதியது என்று இணையத்தில் பட்டியல் போட்டார்கள். நம்மூர்ச் சேனல் ஒன்று செண்டாய் விமான நிலையத்தில் தண்ணீர் புகுந்த படத்தை ஓட்டிக்கொண்டே கீழே ‘டோக்கியோ’ என்று போட்டது. திருச்சியில் எங்கம்மா மயங்கி விழுந்தார்.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயைப் பார்த்தவன் எவனும் ஓடவில்லை. இதுதான் என் கருத்து.

மீனாட்சி_யோகோஹாமா
அண்ணா, அப்போ நானும் நிஷி கசாய்தான். நானும் என்எச்கேதான் பார்த்தேன். ஆனா நான் ஊருக்குப் போனேன். ஏன் போனேன்னு கேளுங்க.

கானாமாச்சி நீர் சுத்திகரிப்பு நிலையத் தண்ணியில கதிரியக்க அயோடின் 131 லிட்டருக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கிற அலகு). கைக்குழந்தைக்கு வரம்பு 100. நிஷி கசாய் இருக்கிற எடோகாவா வார்டுக்குக் குழாய்ல வர்றது அந்தத் தண்ணிதான். மாதிரி எடுத்தது மார்ச் 22 காலை 9 மணி. நமக்குச் சொன்னது 23ஆம் தேதி மத்தியானம். நடுவுல ஒரு பகலும் ஒரு ராத்திரியும் என் பொண்ணுக்கு அதே தண்ணியைக் காய்ச்சி பால் மாவு கரைச்சேன். காய்ச்சினா அயோடின் போகாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அந்த ராத்திரிக்கு எந்த என்எச்கே பதில் சொல்லும்?

கசாய்க்காரன்
மீனாட்சி, உன் பதற்றம் புரிகிறது. ஆனால் எச்சரிக்கை இருந்தது ஒரே ஒரு நாள். 23 அறிவித்தார்கள். 24 அளந்தபோது 79, எச்சரிக்கையை நீக்கிவிட்டார்கள். அதுவும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும். பெரியவர்களுக்கு வரம்பு 300. குழந்தை ஒன்றுக்கு மூன்று பாட்டில் தண்ணீர் டோக்கியோ மாநகர நிர்வாகமே கொடுத்தது. மறைக்கிறவன் பாட்டில் கொடுப்பானா?

மீனாட்சி_யோகோஹாமா
நான் எச்சரிக்கை எத்தனை நாள்னு கேக்கலை. 22 காலை எடுத்தாங்க, 23 மத்தியானம் சொன்னாங்க. அதைக் கேட்டேன்.

எண்கணக்கு
உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம். கைக்குழந்தை ஒரு லிட்டர் குடித்தால்கூட 210 பெக்கரலுக்கு உடம்பு வாங்கும் கதிர்வீச்சு ஏறக்குறைய 38 மைக்ரோசீவர்ட். டோக்கியோவிலிருந்து நியூயார்க் போய்வந்தால் 100ஐத் தாண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியவர்கள் வானத்தில் வாங்கியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

கசாய்க்காரன்
அருமை சார். இதைத்தான் நானும் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

மீனாட்சி_யோகோஹாமா
எண்கணக்கு சார், நீங்க சொன்ன 38 உடம்பு முழுசுக்குமான கணக்கு. அயோடின் போய் உக்காருறது தைராய்டுல. தைராய்டு மட்டும் வாங்குறது அதைவிட ஏறக்குறைய இருபது மடங்கு. அதை ஏன் விட்டுட்டீங்க? விமானத்துல போனா தைராய்டுல அயோடின் சேருமா? டிவியில வந்த நிபுணர்களும் இதே மாதிரிதான் எக்ஸ்ரே, விமானம்னு ஒப்பிட்டுப் பேசினாங்க. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு நம்பிக்கையே போச்சு.

எண்கணக்கு
தைராய்டுக்குத் தனிக் கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தாலும் தைராய்டைக் காக்க அயோடின் மாத்திரை கொடுக்கிற அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. பயத்தை முதலில் முடிவு செய்துவிட்டு எண்ணைத் தேடுகிறவர்களோடு எனக்கு வாதமில்லை.

செண்டாய்_ராஜா
மொத்த இழையும் படித்தேன். டோக்கியோ, டோக்கியோ, டோக்கியோ. நிலநடுக்கம் நடந்தது எங்கள் ஊர்ப்பக்கம் ஐயா.

நான் அப்போது செண்டாயில் ஆராய்ச்சி மாணவன். என்எச்கேயா சிஎன்என்னா என்று சண்டை போடுகிறீர்கள். எங்களுக்குக் கரண்டே இல்லை. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் தங்கியிருந்தோம். ஒரு பெரியவர் மின்கல ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகத் திருப்பிச் சொல்வார், பக்கத்தில் இருந்த சீன மாணவி புரிந்ததை ஆங்கிலத்தில் சொல்வாள், நான் அதை ஒரு வங்காளதேசத்துக் குடும்பத்துக்குச் சொல்வேன். உலை வெடித்த செய்தியே எங்களுக்குச் சென்னையிலிருந்து வந்த குறுஞ்செய்தியில்தான் முழுசாகத் தெரிந்தது. இஷினோமாகியில் அச்சு எந்திரம் தண்ணீரில் மூழ்கியதும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்கள் பெரிய தாளில் பேனாவால் செய்தி எழுதி முகாம்களில் ஒட்டினார்கள். ஆறு நாள் அப்படியே நடத்தினார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தக் கடை திறந்திருக்கிறது, இதுதான் எங்களுக்கு வேண்டிய செய்தி. அதை எந்த உலகச் சேனலும் சொல்லவில்லை, உங்கள் என்எச்கே ஆங்கிலமும் சொல்லவில்லை.

கசாய்க்காரன்
ராஜா தம்பி, உங்கள் கஷ்டத்துக்கு முன்னால் நாங்கள் பேசுவதே தப்பு. ஆனால் பாருங்கள், நீங்களும் ஓடவில்லை! என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறீர்கள்.

செண்டாய்_ராஜா
ஓடுவதற்கு ரயிலும் இல்லை, பெட்ரோலும் இல்லை. விமான நிலையத்தில் சேறு. வீரத்தால் உட்கார்ந்திருந்தோம் என்றா நினைக்கிறீர்கள்? என்னை உங்கள் அணியில் சேர்க்க வேண்டாம்.

மீனாட்சி_யோகோஹாமா
22 காலைக்கும் 23 மத்தியானத்துக்கும் இன்னும் பதில் வரலை.

கசாய்க்காரன்
வருகிறேன். மாதிரி எடுத்த மறு நிமிடம் எண் வந்துவிடாது. ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அளக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும். முடிவு கைக்கு வந்ததே 23ஆம் தேதி காலை. அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். இதில் மறைப்பு எங்கே வந்தது? ஒரு ஆய்வகத்தில் காலெடுத்து வைத்தவர்களுக்கு இது தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 15ஆம் தேதி பிரிட்டன் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் ஜான் பெடிங்டன் டோக்கியோ தூதரகத்தோடு தொலைபேசியில் பேசினார். டோக்கியோவில் இருப்பவர்கள் கதிர்வீச்சுக்குப் பயந்து வெளியேறத் தேவையில்லை என்றார். அந்தப் பேச்சை அப்படியே எழுத்தில் வெளியிட்டார்கள். நான் அச்செடுத்து எங்கள் குடியிருப்பில் வீடு வீடாகக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் பெட்டி கட்டியவர்கள் இந்த இழையிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். நம் சங்கத்து விழாக் கணக்குக் கேட்கும்போது மட்டும் முதல் ஆளாக நிற்பார்கள்.

கூடங்குளத்தான்
நடுவுல வாரேன், கோவிச்சுக்காதீரும். ‘உடனடியா உடம்புக்குப் பாதிப்பு இல்லை’ன்னு அப்போ அரசாங்கப் பேச்சாளரா இருந்த எடானோ தினமும் டிவியில சொன்னாருல்லா? ‘உடனடியா’ன்னா எப்போ வரைக்கும்னு ஒரு நிருபராவது கேட்டானா? மார்ச் 12 அன்னைக்கே அணுப் பாதுகாப்பு அமைப்போட பேச்சாளர் நகமுரா, உலைக்கரு உருகியிருக்கலாம்னு சொன்னாரு. சொன்ன கையோட அவரைப் பேட்டி கொடுக்கிற வேலையில இருந்து மாத்திட்டாவ. அந்த நிலையத்தை நடத்துன டெப்கோ கம்பெனி அதை ஒத்துக்கிட்டது மே மாசம். 2016ல, ‘உலைக்கரு உருகல்’ங்கிற சொல்லையே பயன்படுத்தக் கூடாதுன்னு அப்போ தலைவர் உத்தரவு போட்டிருந்தது வெளிய வந்து, புதுத் தலைவர் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டாரு. இந்த லட்சணத்துல என்எச்கே பார்த்தவன் ஓடலைன்னு பெருமை பேசுதீரு. இடிந்தகரையில எங்க சனங்க பந்தல் போட்டு உக்காந்தப்ப எங்களுக்கும் ‘பாதுகாப்பு பாதுகாப்பு’ன்னுதான் டிவியில சொன்னாவ.

எண்கணக்கு
2004 ஆழிப்பேரலையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் பம்ப் அறையில் தண்ணீர் புகுந்தது, உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அதையும் சொல்லுங்கள்.

கூடங்குளத்தான்
கல்பாக்கத்துக்கும் நான் கேட்டதுக்கும் என்னவே சம்பந்தம்? மீன் விக்காம வீட்டுல சும்மா இருந்தவன் வயித்தெரிச்சல் உமக்குக் கணக்குல வருமா?

எண்கணக்கு
மரியாதையாகப் பேசவும்.

கூடங்குளத்தான்
‘வே’ங்கிறது எங்க ஊருல மரியாதைதான். வேணும்னா எங்க ஊருல வந்து கேட்டுப் பாரும்.

மட்டுறுத்துநர்
நண்பர்களே, இந்த இழை ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவரும் ஊடகச் செய்திகளும் பற்றியது. கூடங்குளத்துக்குத் தனி இழை இருக்கிறது.

கசாய்க்காரன்
நன்றி. நான்தான் இந்த இழையைத் தொடங்கியவன், யாரும் அதை மறக்க வேண்டாம்.

கூடங்குளத்தாருக்கு: டெப்கோ பொய் சொன்னது, அதை யாரும் மறுக்கவில்லை. டெப்கோ வேறு, என்எச்கே வேறு. அவர்கள் கையில் கிடைத்ததைச் சொன்னார்கள். 20 கிலோமீட்டருக்குள் காலி செய், 30 வரை வீட்டுக்குள் இரு என்று அரசு சொன்னது, அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அமெரிக்கா தன் குடிமக்களுக்கு 80 கிலோமீட்டர் என்றது. ஜெர்மனி தூதரகத்தையே ஒசாகாவுக்குத் தூக்கிக்கொண்டு போனது. நான் கேட்கிறேன், 80 என்று வைத்தாலும் டோக்கியோ வெளியேதானே?

செண்டாய்_ராஜா
80க்குள் இருந்தவர்களை யோசித்தீர்களா? இதாதே கிராமத்தின் பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கு வெளியே. காற்று அந்தப் பக்கம் அடித்தது. காலி செய்யச் சொன்னது ஏப்ரலில். கதிர்வீச்சு எங்கே பரவும் என்று கணிக்கிற ஸ்பீடி வரைபடத்தை மக்களுக்கு முதல்முறை காட்டியது மார்ச் 23. அமெரிக்கப் படைக்கு அதற்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். இதைப் படித்த பிறகும் ‘கையில் கிடைத்ததைச் சொன்னார்கள்’ என்று எழுத உங்களால் முடிகிறது.

மீனாட்சி_யோகோஹாமா
அதுவும் 23, இதுவும் 23. எல்லாமே 23க்கு அப்புறம்தான்.

கசாய் அண்ணா, ஒண்ணு கேக்குறேன். ஷினகாவா குடியேற்ற அலுவலகத்துல மறுநுழைவு அனுமதிக்கு கட்டடத்தைச் சுத்தி வரிசை நின்னதே, அதுல பச்சை ஜாக்கெட் போட்டுக்கிட்டு எனக்கு முன்னாடி நின்னது யாரு? எங்க வீட்டுக்காரர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு, நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. என்எச்கே மேல அவ்வளவு நம்பிக்கை இருந்தா அங்க என்ன வேலை?

கூடங்குளத்தான்
அடேங்கப்பா.

கசாய்க்காரன்
இதை இழுப்பீர்கள் என்று தெரியும். ஆமாம், நின்றேன். 3,000 யென் முத்திரை ஒட்டி அனுமதி வாங்கினேன். என் தகப்பனார் திருச்சியில் மருத்துவமனையில் இருந்தார், எந்த நேரமும் கூப்பிடலாம் என்ற நிலை. அனுமதி வாங்குவது வேறு, ஓடுவது வேறு. நான் ஊருக்குப் போகவில்லை. மார்ச் மாதம் முழுக்க அலுவலகம் போனேன். என் பிரிவில் ஜப்பானியர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்து நாற்காலிகள் காலி. ‘நீ போகவில்லையா?’ என்று என் மேலாளர் கேட்டார். அவர் கேட்ட தொனி இன்னும் எனக்கு உறுத்துகிறது. மற்றவர்கள் ஓடியதற்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பறந்து போன வெளிநாட்டவர்களுக்கு ‘ஃப்ளைஜின்’ என்று கேலிப் பெயர் வைத்தார்களே, அது போனவர்களுக்கு மட்டும் ஒட்டவில்லை, எங்களுக்கும் ஒட்டியது.

நான்கு வாரத்தில் 5 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டவர் நாட்டைவிட்டுப் போனார்கள். அதில் பாதிக்கு மேல் திரும்பி வருகிற அனுமதியோடுதான் போனார்கள் என்று நீதித்துறை அமைச்சகக் கணக்கே சொல்கிறது. திரும்பி வந்தவர்கள் யாராவது ‘நாற்காலியைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி’ என்றார்களா? திருச்சி முறுக்கு ஒரு பாக்கெட் வந்தது.

மீனாட்சி_யோகோஹாமா
முறுக்கு கொடுத்தது நாங்கதான். அதையும் இப்ப எண்ணிப் பார்க்கிறீங்களா? நாற்காலியை யாரும் உங்களைப் பார்த்துக்கச் சொல்லலை. கைக்குழந்தை வெச்சிருந்தவ எதுக்குப் போனான்னு தீர்ப்பு சொல்ல நீங்க யாரு?

எண்கணக்கு
மீண்டும் சொல்கிறேன், 38 மைக்ரோசீவர்ட்.

செண்டாய்_ராஜா
நான் ஒன்று கேட்கிறேன்: மொழி தெரியாதவனுக்கு முதல் 3 நாள் யார் செய்தி சொன்னது? 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு நகாதா பகுதியில் வியட்நாமியர், கொரியர் எல்லாம் சேர்ந்து தங்கள் மொழிகளில் வானொலி நடத்தினார்கள். எளிய ஜப்பானிய மொழியில் எச்சரிக்கை கொடுக்கும் முயற்சியும் அதற்குப் பிறகுதான் கிளம்பியது. 2024 நோதோ நிலநடுக்கத்தில் என்எச்கே திரையில் பெரிய எழுத்தில், குழந்தைகூடப் படிக்கிற மாதிரி ‘உடனே ஓடு’ என்று போட்டார்களே, அது அன்றைக்குச் செண்டாயில் எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. இதைப் பற்றி இந்த இழையில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. பச்சை ஜாக்கெட்டும் முறுக்கும்தான் ஓடுகிறது.

கசாய்க்காரன்
ராஜா, நோதோவில் ஓடச் சொன்னது யார்? என்எச்கே. நான் முதல் பதிவிலேயே சொன்னதுதான்.

மீனாட்சிக்கு: முடிவு வந்தது 23 காலை. நான் இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

மீனாட்சி_யோகோஹாமா
மாதிரி எடுத்தது 22 காலை 9 மணி. சந்தேகம் இருந்துதானே எடுத்தாங்க? சந்தேகம் வந்த அன்னைக்கே ‘முடிவு வர்ற வரைக்கும் குழந்தைக்குக் கொடுக்காதீங்க’ன்னு ஒரு வரி சொல்ல என்ன கேடு?

கசாய்க்காரன்
சந்தேகத்தை எல்லாம் அறிவித்தால் கடையில் தண்ணீர் பாட்டில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. 23 அறிவித்த அன்று சாயங்காலமே மிஞ்சவில்லை. எங்கள் கட்டடத்தில் யார் வீட்டு பால்கனியில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

கூடங்குளத்தான்
சொல்லும், சொல்லும். அதையும் கேட்டுருவோம்.

எண்கணக்கு
இந்த இழையிலிருந்து விலகுகிறேன். கூடங்குளத்தார் என்னிடம் மன்னிப்புக் கேட்கும்வரை வர மாட்டேன்.

மீனாட்சி_யோகோஹாமா
பால்கனியில அடுக்கினது எதிர் வீட்டு மாமா. எங்க வீடு இல்லை. பேர் சொல்லாம கல்லெறியுற பழக்கத்தை விடுங்க அண்ணா, சங்கத்துலயும் இதையேதான் பண்ணீங்க.

கசாய்க்காரன்
சங்கத்தை ஏன் இழுக்கிறாய்? சரி, இழுத்தாச்சு. நாளைக்குத் தனிப் பதிவாகவே எழுதுகிறேன், 2011 மார்ச்சில் யார் யார் எந்தத் தேதியில் நரிடாவில் விமானம் ஏறினார்கள் என்று என்னிடம் பட்டியல் இருக்கிறது.