கவுன்ட்டி முழுவதும் இணையம்: உள்ளூர்க் கூட்டு முயற்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
அமெரிக்காவில் மாதம் 30 டாலர் வரை இணையக் கட்டணச் சலுகை அளித்த கூட்டாட்சித் திட்டம் 2024 ஜூன் மாதத்தில் நிதியின்றி முடிந்துவிட்டதால், எங்கள் கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எல்லோருக்கும் இணையம் கிடைக்கச் செய்ய, நூலகங்கள், பள்ளிகள், மின்கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றை ஒன்றிணைக்க விரும்புகிறோம். முதலில் எதைச் செய்யலாம்?

மறுமொழி 1:
நூலகங்களிலிருந்து தொடங்குங்கள். பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையச் செலவில் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி தரும் ஈ-ரேட் திட்டம் இருப்பதால், அங்கே இணைப்பு பெரும்பாலும் இருக்கும். எனவே, இணையத்தைப் பயன்படுத்த முதியவர்களின் அருகில் அமர்ந்து பொறுமையாகக் கற்றுத்தரும் ஆட்களே அங்கே தேவை.

மறுமொழி 2:
உண்மைதான், ஆனால் இணையக் கம்பியே எட்டாத பண்ணை வீடுகளை என்னால் மறக்க முடியவில்லை. மின்கூட்டுறவுச் சங்கத்திடம் கம்பங்கள் இருப்பதால் ஒளியிழை (ஃபைபர்) கம்பி இழுக்கும் செலவு குறையும்; எனினும், பிறர் நிலத்தின் வழியே கம்பி கொண்டுசெல்ல அனுமதிக்கும் வழியுரிமை ஒப்பந்தம் மின்சாரத்துக்கு மட்டுமா, தகவல்தொடர்புக்கும் பொருந்துமா என்று முன்னதாகவே பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. அந்த ஒப்பந்தங்களைச் சங்கத்திடம் கேட்டுப் பெறுகிறேன்.