ஏஐ முகவருக்குத் தரும் நாட்காட்டிக் கருவி: விளக்கத்தில் எதை எழுதுவது?

குறிஞ்சி கேட்டது:

வணக்கம். கூகுள் காலண்டர் ஏபிஐ-யின் (பிற நிரல்கள் அந்த நாட்காட்டியைக் கையாள உதவும் இடைமுகம்) மேல் நான்கு சிறு கருவிகளை அமைத்து, எம்சிபி (மொழி மாதிரிகளைக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக ஓர் ஏஐ முகவருக்கு, அதாவது பயனருக்காகக் கருவிகளைத் தானே இயக்கும் மொழி மாதிரிக்கு, கொடுத்திருக்கிறோம்: காலியான நேரம் பார்ப்பது, கூட்டம் பதிவு செய்வது, மாற்றுவது, நீக்குவது. நிரலர்களுக்காக எழுதிய ஆவணத்தைச் சுருக்கி, அதையே ஒவ்வொரு கருவிக்கும் விளக்கமாக வைத்தோம். கருவிகளுக்கு முகவர் விடுக்கும் அழைப்புகள் எந்தப் பிழையும் இன்றி நிறைவேறுகின்றன. ஆனால் ஜனவரி 15 முதல் 17 வரை பொங்கல் விடுப்பு என்று குறிக்கச் சொன்னால் 16-ஆம் தேதியோடு நின்றுவிடுகிறது. நியூயார்க் வாடிக்கையாளருடன் வாரந்தோறும் நடக்கும் கூட்டமோ மார்ச் மாதத்தில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. விளக்கத்தை இன்னும் விரிவாக எழுத வேண்டுமா, அல்லது மொழி மாதிரியையே மாற்ற வேண்டுமா?

கடற்கரை எழுதிய பதில்:

மாதிரியை மாற்றத் தேவையில்லை. இந்த ஏபிஐ-யில் முழுநாள் நிகழ்வின் முடிவுத் தேதி கணக்கில் சேராது; 17-ஆம் தேதியும் விடுப்பு என்றால் முடிவு 18 என்று கொடுக்க வேண்டும். நிரலர் ஒருவர் இதை ஒருமுறை திரையில் பார்த்துவிட்டு நினைவில் வைத்துக்கொள்வார். முகவரோ ஒவ்வோர் உரையாடலிலும் உங்கள் விளக்கத்தைப் புதிதாகத்தான் படிக்கிறது. ஆகவே அந்த விதியை ஆவணத்தின் முகப்பில் வைக்காமல், முடிவுத் தேதி என்ற அளவுருவின் (கருவிக்குத் தரும் மதிப்பின்) விளக்கத்திலேயே, ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுங்கள். அதைவிட நல்ல வழி, கருவி கடைசி நாளை வாங்கிக்கொண்டு உள்ளே தானே ஒரு நாளைக் கூட்டிக்கொள்வது. நிரலில் நீக்கிவிடக்கூடிய சிக்கலை ஆவணத்தில் எச்சரிக்கையாக எழுதி வைப்பது வீண் வேலை என்பது என் கருத்து.

நியூயார்க் கூட்டம் அப்படி நிரலில் தீரக்கூடியது அன்று. குளிர்காலத்தில் அங்கே காலை 9 மணி என்றால் சென்னையில் இரவு 7:30. மார்ச் மாதத்தில் (2026-இல் மார்ச் 8) அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால், அதன்பின் அதே காலை 9 மணி சென்னையில் மாலை 6:30 ஆகிவிடும். உங்கள் முகவர் தொடர் கூட்டத்தை இந்திய நேரத்தில் பதிவு செய்திருப்பதால், அவர்களுக்கு அது காலை 10 மணியாகத் தெரிகிறது. தொடர் கூட்டத்துக்கு உலக நேர மண்டலங்களின் ஐயானா பட்டியலில் உள்ள பெயரைத்தான் தர வேண்டும், கழித்தல் 5 மணி என்பது போன்ற வெறும் வேறுபாட்டைத் தரக்கூடாது என்று விளக்கம் சொல்ல வேண்டும். யாருடைய கடிகாரத்தின்படி கூட்டம் நிலைத்து நிற்க வேண்டும் என்பது தெரியாவிட்டால், பதிவு செய்யும் முன் பயனரைக் கேட்க வேண்டும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

பழைய நிரலர் எழுதிய பதில்:

மேலே உள்ளவற்றை ஏற்கிறேன். பெரும்பாலான ஆவணங்கள் கருவி என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு, அதனால் வெளியே என்ன நடக்கும் என்பதை விட்டுவிடுகின்றன. கூட்டம் பதிவானால் பங்கேற்பாளர்களுக்கு அழைப்பு மின்னஞ்சல் போகுமா, போகாதா? கூகுள் ஏபிஐ-யில் அதற்கெனத் தனி அளவுரு உண்டு. நீங்கள் அதை எப்படி அமைத்திருக்கிறீர்கள் என்பதை முகவர் அறிந்தால்தான், அனுப்பும் முன் பயனரின் ஒப்புதலைக் கேட்கும். எம்சிபி-யில் ஒரு கருவி படிக்க மட்டுமா, அழிக்கவும் கூடியதா என்று குறிக்க வழி உண்டு. ஆனால் அவை குறிப்புகளே தவிரப் பாதுகாப்பு அல்ல என்பதால், நீக்கும் கருவிக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பிழைச் செய்தியும் விளக்கத்தின் ஒரு பகுதிதான். இணைப்பு இடையில் அறுந்தால் முகவர் மறுபடியும் முயலும், ஒரே கூட்டம் இரண்டாகப் பதிவாகும். நிகழ்வின் அடையாளக் குறியீட்டை நாமே கொடுத்து அனுப்பினால், இரண்டாம் முறை 409 என்ற பிழை வரும். அந்தப் பிழை எண்ணை அப்படியே முகவருக்குத் திருப்பித் தராமல், "இந்தக் கூட்டம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, மீண்டும் பதிவு செய்ய வேண்டாம்" என்று எழுதி அனுப்புங்கள். இன்றைய தேதியும் கிழமையும் மாதிரிக்குத் தானாகத் தெரியாது. அதையும் கருவியின் விடையிலேயே தந்துவிட்டால், "வருகிற வியாழன்" என்பதை அது ஊகிக்க வேண்டியிருக்காது.

குறிஞ்சி:

இருவருக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம். எங்கள் மேலாளர் வெள்ளிக்கிழமை 10:30 முதல் 12 வரை ராகு காலம் என்று எந்தக் கூட்டத்தையும் ஏற்பதில்லை. இதைக் கருவியின் விளக்கத்தில் எழுதிவிடலாமா?

கடற்கரை:

வேண்டாம். ஒருவரின் விருப்பம் எல்லாருக்குமான கருவி விளக்கத்தில் ஏறினால், அடுத்த மாதம் அது பத்து விருப்பங்களாகப் பெருகும். உண்மையான விதிகள் அவற்றுக்கு நடுவே மறைந்துபோகும். அவருடைய நாட்காட்டியிலேயே அந்த நேரத்தை வாராந்திர நிகழ்வாகப் பதிந்து, 'பிஸி' என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். காலியான நேரம் பார்க்கும் கருவி அவருடைய நாட்காட்டியையும் சேர்த்துத் தேடினால், அந்த இடைவெளி தானாகவே விலகிவிடும்.