மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்ற அனுபவம் உண்டா?

கணக்கு டீச்சர்:

தலைமையாசிரியர் மருத்துவ விடுப்பில் இருந்ததால், பத்தாம் வகுப்பு முடிவு வந்த பிறகு நடந்த மாவட்ட மீளாய்வுக் கூட்டத்துக்கு நான் போக நேர்ந்தது. பதினெட்டு ஆண்டுப் பணியில் முதல் தடவை. தனியார் கல்லூரி ஒன்றின் அரங்கம், உள்ளே நல்ல குளிர். திரையில் எல்லாப் பள்ளிகளின் பெயரும் தேர்ச்சி விழுக்காட்டின்படி வரிசையாக ஓடின. "தொண்ணூறுக்குக் கீழே உள்ளவர்கள் எழுந்திருங்கள்" என்றார்கள். எழுந்தேன். எங்கள் விழுக்காடு 81.82.

எங்கள் பள்ளியில் தேர்வெழுதியவர்கள் 11 பேர். தேறாதவர்கள் இரண்டு பேர். பக்கத்து நாற்காலியில் நகரத்துப் பெரிய பள்ளித் தலைமையாசிரியர் நிம்மதியாக பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவர் பள்ளியில் 240 பேர் எழுதி 20 பேர் தேறவில்லை. ஆனால் 91.67 வந்துவிட்டதால் அவர் உட்கார்ந்திருக்கலாம். கணக்கு டீச்சர் என்பதால் நின்றபடியே மனம் வகுத்துப் பார்த்தது: எங்கள் பிள்ளை ஒருவர் தவறினால் ஒன்பது விழுக்காடு போகிறது, அவர் பிள்ளை ஒருவர் தவறினால் அரை விழுக்காடுகூடப் போகாது.

"என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். தவறிய அந்த இரண்டு பேர் யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவன் ஆங்கிலத்தில் 31. இன்னொருத்தி நான்கு தாள் எழுதியவள். கடைசித் தாளுக்கு இரண்டு நாள் முன்னால் குடும்பமே திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணக்கில் எங்கள் பள்ளி நூறு விழுக்காடு என்பதற்காக அதே கூட்டத்தில் என்னைப் பாராட்டவும் செய்தார்கள். அந்த நூறு எப்படி வந்தது என்று எனக்குத்தானே தெரியும்! வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. மொத்தம் 30. இன்னும் ஐந்து தேற்றினால் 35. டிசம்பரிலிருந்து மெல்லக் கற்போருக்கு இதைத்தவிர வேறு எதையும் நடத்தவில்லை. ஒரு பையன் வடிவொத்த முக்கோணத்தை அச்சடித்ததுபோல் வரைவான். ஒருநாள் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். சுவரைப் பார்த்தான்.

உங்கள் கூட்ட அனுபவங்களையும் எழுதுங்கள். நல்லதாக இருந்தாலும் சரி.

பழைய மணி:

டீச்சர், நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். அந்த அரங்கில் உட்கார்ந்தும் இருக்கிறேன், நின்றும் இருக்கிறேன்.

மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு நிறுத்தியது. பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் மாவட்டங்களை வரிசைப்படுத்துவது நிற்கவில்லை. விருதுநகர் மாவட்டம் வரிசையாகப் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த காலத்தில், வேறு மாவட்டக் கூட்டங்களில் எங்களுக்குக் கிடைத்த ஒரே அறிவுரை "விருதுநகரைப் பாருங்கள்" என்பதுதான். பார்த்தோம். காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் சுண்டலோடு இன்னொன்று, ஆசிரியருக்கு ஐந்து மாணவர் வீதம் தத்து, வாராவாரம் தேர்வு. எல்லாம் செய்தோம். பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். தத்தெடுத்த பையன் வராவிட்டால் ஆசிரியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். முன்பெல்லாம் அது நடந்ததில்லை.

விழுக்காடு இறங்கினால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். ஒழுங்கு நடவடிக்கை விதியான 17(அ) என்ற எண்ணைப் பார்த்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பயத்தில் நான் செய்த ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எட்டாம் வகுப்புவரை நிறுத்திவைக்கக் கூடாது. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு. நடுவில் இருக்கும் ஒன்பது எங்கள் கையில். பத்தில் தேறமாட்டான் என்று தோன்றியவர்களை ஒன்பதிலேயே நிறுத்தினேன். சிலருடைய பெற்றோரை அழைத்து, "டி.சி. வாங்கிக்கொண்டு டுட்டோரியலில் சேர்த்து நேரடியாகப் பத்தாவது எழுத வையுங்களேன்" என்று நயமாகவும் சொன்னேன். இரண்டே ஆண்டில் பள்ளி 96க்கு ஏறியது. கேடயம் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று அந்த இரண்டு ஆண்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கேடயம் இன்னும் அந்தப் பள்ளி அலமாரியில்தான் இருக்கும்.

வளமையத்துக்காரன்:

நான் வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநர், பள்ளிகளுக்குப் போய் வகுப்புகளைப் பார்ப்பவன். எங்களைக் கண்டால் ஆசிரியர்களுக்கு ஆகாது, தெரியும். வகுப்பில் உட்கார்ந்து கைப்பேசிச் செயலியில் உற்றுநோக்கல் படிவம் நிரப்புகிறவன் என்று நினைப்பார்கள். அதுவும் உண்மைதான். சில ஊர்களில் வேப்பமரத்தடிக்கு வந்தால்தான் சிக்னல் கிடைக்கும். பாதி வகுப்பை மரத்தடியிலிருந்து உற்றுநோக்கியிருக்கிறேன்.

ஆனால் கண்காணிப்பே வீண் என்று பேச்சு போவதால் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, எமிஸ் என்னும் மாணவர் விவரக் கணினிப் பதிவு. டி.சி. கொடுத்த பிள்ளை வேறு பள்ளியில் சேரும்வரை அதன் பெயர் பொதுக் குளத்தில் நிற்கும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடிப்போவது எங்கள் வேலை. அப்படி ஒரு பெண் ஆறாம் வகுப்பு முடித்து நான்கு மாதமாகக் குளத்தில் இருந்தாள். பழைய முகவரியில் பூட்டு. பக்கத்து வீட்டுப் பாட்டி செங்கல் சூளை ஒன்றின் பெயரைச் சொன்னார். போனால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். தம்பியை அங்கன்வாடியில் விட ஏற்பாடு செய்தபிறகுதான் அவள் பள்ளிக்கு வந்தாள். கணினியில் அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால் அவளை யாரும் தேடியிருக்கமாட்டார்கள்.

இரண்டாவது, 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல்நிலைப்படி பிரித்து நடத்தச் சொன்னார்கள். கொரோனாவில் பள்ளி மூடியிருந்து, எழுத்தே தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எக்கச்சக்கம். ஒரு பள்ளியில் அரும்பில் ஒருவர்கூட இல்லை. அதிசயமாக இருக்கிறதே என்று பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். ஐந்து பேருக்கு 'ப'வும் 'ம'வும் பிரித்துத் தெரியவில்லை. டீச்சரம்மா தனியாக அழைத்துச் சொன்னார்: "அரும்பு என்று போட்டால் ஏன் இன்னும் அரும்பு என்று கேட்கிறார்கள் சார். மொட்டு என்று போட்டால் கேட்பதில்லை." என்னிடம் பதில் இல்லை. கேட்கிறவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அதே வட்டாரத்தில், பிள்ளைகளின் தேர்வு விடைகளை வினாவாரியாகப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. கடன் வாங்கிக் கழித்தலில் பள்ளிக்குப் பள்ளி ஒரே சறுக்கல். 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதியிருந்தார்கள், எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்து. எல்லாப் பள்ளியிலும் இதே தவறு என்றால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் கற்றுக்கொடுத்த விதத்தில்தான் கோளாறு. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் வழக்கமான சுற்றறிக்கை வாசிப்பை விட்டுவிட்டு, ஒரு டீச்சரை விளக்குமாற்றுக் குச்சிக் கட்டோடு அதை மட்டும் நடத்திக் காட்டச் சொன்னோம். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துப் போட்டு அவர் நடத்தினார். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர்களும் குறிப்பெடுத்தார்கள். நான் போன மீளாய்வுகளிலேயே உருப்படியானது அதுதான். அன்று திரை இல்லை, யாரும் எழுந்து நிற்கவும் இல்லை.

குழு உறுப்பினர்:

நான் ஆசிரியர் இல்லை. மகள் படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். தேசிய அடைவுத் தேர்வு என்று 2021 நவம்பரில் நடந்ததே, மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு, எழுதினாள். "எவ்வளவு வாங்கினாள்?" என்று போய்க் கேட்டேன். அது பிள்ளைக்கான தேர்வு இல்லை, மாவட்டத்துக்கான தேர்வு என்றார்கள். மாவட்டம் தேறியதா என்றாவது யாராவது வந்து சொல்வார்கள் என்று இருந்தேன். குழுக் கூட்டத்தில் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றித்தான் பேசினோம். தொட்டியும் தேவைதான்.

ஒன்பதில் நின்றவன்:

பழைய மணி ஐயாவுக்கு. நீங்கள் என் தலைமையாசிரியர் இல்லை, மாவட்டமே வேறு. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது, எங்கள் பள்ளி அலுவலக அறையில் என் அப்பா நின்ற இடம் ஞாபகம் வந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே. "உங்கள் பையன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்" என்றார்கள். அப்பா தலையாட்டினார். டுட்டோரியலுக்கு மாதக் கட்டணம் கட்ட முடியாமல் மூன்றாம் மாதமே நின்றுவிட்டேன். பத்தாவது எழுதவே இல்லை. இப்போது லேத் பட்டறையில் நல்ல வேலைதான், குறையில்லை. அந்த ஆண்டு பள்ளி நூறு விழுக்காடு என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். அதன் வழியாகத்தான் வேலைக்குப் போவேன்.

பழைய மணி:

தம்பி, படித்தேன். இரண்டு நாளாக என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இன்னும் தெரியவில்லை.

வளமையத்துக்காரன்:

இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருப்பதால், ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகாதவர் பெயர் தனியே தெரியும் என்று எழுத வந்தேன். எழுதும்போதே ஒரு சந்தேகம். எங்கள் வட்டாரத்தில் அந்தப் பட்டியலை நான் கடைசியாக எப்போது திறந்தேன்? பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலைத்தான் மனப்பாடமாகச் சொல்வேன். திங்கட்கிழமை முதல் வேலையாகப் பார்க்கிறேன்.

கணக்கு டீச்சர்:

பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள் சார். விழுக்காடு வேண்டாம், எத்தனை பேர் என்று மட்டும்.